ஃபியூஸைப் பிடுங்கியவருக்கு

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
நியூ ஜெர்சி
16 பிப்ரவரி 2025

திரு. அச்சுதன் அவர்களுக்கு,

மரியாதையாத்தான் ஆரம்பிச்சிருக்கேன். கடைசி வரைக்கும் அது தாங்குமான்னு தெரியலை.

எதுக்கு லெட்டர்னு யோசிப்பீங்க. போன்ல பேசினா நான் ரெண்டாவது வாக்கியத்துக்குப் போறதுக்குள்ள குறுக்க வந்துடுவீங்க. இல்லைன்னா ஸ்பீக்கர்ல போட்டுட்டு டிவி பார்ப்பீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒரு பேச்சையும் முழுசா முடிச்சது கிடையாது. பேப்பர்ல குறுக்க வர முடியாது, அதான்.

மீனாக்ஷி நேத்து சாப்பிடும்போது சந்தோஷமா சொன்னா. ஜூன்ல ஸ்கூல் லீவு விட்டதும் ஸ்ம்ருதியை அந்த வண்டியில, அடுப்பும் படுக்கையும் வெச்ச உங்க கேம்பர்ல, கொலராடோவுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்களாம். தாத்தாவும் பேத்தியும் மட்டுமாம். எனக்குச் சோறு இறங்கலை. நம்ம பொண்ணுக்கு நடந்தது எதுவும் தெரியாது. டிசம்பர்ல நான் இங்க அவ வீட்டுல வந்து இறங்கினப்போ, உங்கப்பாவோட சண்டைன்னு மட்டும்தான் சொன்னேன். என்ன சண்டைன்னு நீங்களே சொல்லுவீங்கன்னு பொறுத்துப் பார்த்தேன். நீங்க சொல்லலை. சொல்லாம குழந்தையை வேற கேட்டிருக்கீங்க.

உங்களுக்கு மறந்திருந்தா நான் ஞாபகப்படுத்தறேன். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குப் போய் வண்டியிலேயே தங்கினோம். முதல் நாள் சாயங்காலமே கேஸ் நாத்தம் வருதுன்னு சொன்னேன். "உன் பெருங்காய டப்பாடி"ன்னீங்க. மறுநாள் தலை வலிக்குதுன்னு சொன்னேன். நேரா போய் அலமாரியைத் திறந்து, என் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போய் கேம்ப்கிரவுண்ட் குப்பைத்தொட்டியில போட்டுட்டு வந்து, இப்போ சரியான்னு கேட்டீங்க. அதுக்கு அடுத்த நாள் விடியறப்போ வாந்தி எடுக்க வெளிய ஓடினேன். வண்டியோட பக்கவாட்டுல, அடுப்புக்கான ப்ரொபேன் கேஸ் டேங்க் இருக்கற அந்தச் சின்னக் கதவுகிட்ட நிக்கவே முடியலை. வால்வை மூடினது நான். அப்புறம்தான் தெரிஞ்சுது, தரையோரம் கேஸ் அலாரம்னு ஒண்ணு இருக்கே, அதோட ஃபியூஸை நீங்க எப்பவோ பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டீங்கன்னு. நான் தாளிக்கறப்பல்லாம் அது கத்துதாம்.

அதோட விட்டீங்களா. ஆளுக்கொரு ஐட்டம் கொண்டு வர்ற கோவில் பாட்லக்ல அத்தனை பேர் முன்னாடி அதையே கதையா எடுத்து விட்டீங்க. ஜலஜாவுக்கு ப்ரொபேனுக்கும் பெருங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியலைன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம பக்கத்து வீட்டு வான்மதி மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துட்டு சிரிக்காம இருந்தா. மருந்துக் கம்பெனியில ஆயுசு பூரா குவாலிட்டி கன்ட்ரோல் பார்த்தவ நான். மூடியைத் திறந்ததும் சரக்கு கெட்டிருக்கான்னு சொல்ற மூக்கு இது. இதை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சீங்க.

டேங்க்கைச் சரி பண்ணணும். அலாரத்தை மாட்டணும். அது ரெண்டும் ஆகாம ஸ்ம்ருதி அந்த வண்டியில கால் வைக்க மாட்டா.

ஜலஜா


ஃபிரிஸ்கோ
டெக்ஸஸ்
1 மார்ச் 2025

ஜலஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "திரு." பார்த்துக் கொஞ்ச நேரம் யாருக்கோ வந்த தபால் என்று நினைத்துவிட்டேன்.

நான் ஒரு மெக்கானிக்கல் எஞ்சினியர் என்பதை உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருப்பது வேதனை. பாய்லர் டிசைன் பண்ணினவனுக்கு கேஸ் டேங்க் பற்றிப் பாடம் எடுக்கிறாய். வண்டி தொண்ணூற்றொன்பது மாடல். டேங்க் சேஸிஸோடு சேர்த்து ஃபேக்டரியிலேயே மாட்டினது. வீட்டு சிலிண்டர் மாதிரி கழற்றி மாற்றுகிற சமாசாரம் இல்லை. இருபத்தைந்து வருஷம் மழையும் உப்பும் பட்டால் துரு பிடிக்கத்தான் செய்யும். துரு என்பது தோல் வியாதி. உள்ளே ஸ்டீல் கெட்டியாக இருக்கிறது.

இருந்தாலும் உன் திருப்திக்காக, ரெண்டு சனிக்கிழமை, வண்டியை நிறுத்தி வைத்திருக்கிற ஸ்டோரேஜ் யார்டுக்குப் போய், வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கண்ணெல்லாம் துருத் தூள். அதற்கு மேல் ப்ரைமர். அதற்கு மேல் ரெண்டு கோட் கறுப்பு பெயின்ட். இப்போது டேங்க் புத்தம் புதுசு மாதிரி பளபள என்று இருக்கிறது. ஒரு எக்ஸ்பர்ட்டையும் கூப்பிடவில்லை.

அலாரம் விஷயத்துக்கு வருகிறேன். கடுகு வெடிக்கிறதுக்கு முன்னாடி அது வெடிக்கும். ஒவ்வொரு வேளையும் கதவைத் திறந்து, விசிறி போட்டு, துண்டை வீசி அதை அடக்க வேண்டும். "அந்தச் சனியனை நிறுத்துங்களேன்" என்று கரண்டியோடு நின்று கத்தியது யார்? நிறுத்தினேன். இப்போது நான் கொலைகாரன்.

பாட்லக்கில் சொன்னது தமாஷ். தமாஷுக்காக வீட்டை விட்டுப் போன ஒரே ஆள் உலகத்திலேயே நீயாகத்தான் இருக்கும்.

ஸ்ம்ருதிக்கு எட்டு வயசு. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் தமிழில் கேட்கிறேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், ஆனால் பேசுகிறாள். இன்னும் ரெண்டு வருஷம் போனால் "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். எனக்கு இருப்பது இந்த ஒரு கோடை. எங்களுக்கு நடுவில் வராதே.

அச்சுதன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
10 மார்ச்

அச்சுதன் அவர்களுக்கு,

கறுப்பா? கறுப்பு பெயின்ட்டா அடிச்சீங்க?

வண்டியோட மேனுவல் காப்பி என்கிட்ட இருக்கு. நீங்க அதைப் பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டீங்க, எஞ்சினியர் ஆச்சே. ப்ரொபேன் டேங்குக்கு வெளிர் கலர்தான் அடிக்கணும்னு போட்டிருக்கு. டெக்ஸஸ் வெயில்ல கறுப்பு என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கறுப்புப் புடவை கட்டிக்கிட்டு ஜூலையில பார்க்கிங் லாட்ல நின்னா எனக்கே தெரியும். உள்ள இருக்கற கேஸ் சூடேறி அழுத்தம் கூடும், அது வெளிய வர ஒரு சேஃப்டி வால்வு இருக்கு. அதுமேலயும் பெயின்ட் பூசியிருப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா, வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சப்போ ஸ்விட்ச்போர்டு மேலயும் சேர்த்து அடிச்ச மனுஷன்.

இன்னொண்ணு. டேங்க்மேல ஒரு தகடு இருக்கும். யார் பண்ணினது, எப்போ பண்ணினது, எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு அதுல வெட்டியிருக்கும். அது படிக்கற மாதிரி இல்லைன்னா எந்த ஸ்டேஷன்லயும் கேஸ் நிரப்ப மாட்டாங்க. அதையும் மூடிட்டீங்கதானே?

கத்தினது நான்தான், ஒத்துக்கறேன். நிறுத்துங்கன்னா கொஞ்ச நேரம் நிறுத்துங்கன்னு அர்த்தம். ஃபியூஸைப் பிடுங்கி, மூணு மாசம் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, என் பக்கத்துல நிம்மதியா குறட்டை விடுங்கன்னு அர்த்தம் இல்லை.

நடுவுல வர்றேனாம். ஆமாம், வர்றேன். குறுக்க படுத்துக்கவும் செய்வேன்.

ஜலஜா


ஃபிரிஸ்கோ
5 ஏப்ரல் 2025

ஜலஜாவுக்கு,

ரெண்டு ஸ்டேஷனில் கேஸ் போட மறுத்துவிட்டார்கள். தகடு தெரியவில்லையாம். சந்தோஷப்படு. தின்னர் போட்டுச் சுரண்டித் தகட்டை வெளியே கொண்டுவந்துவிட்டேன். சேஃப்டி வால்வையும் துடைத்துவிட்டேன். வெள்ளை பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உன் குற்றச்சாட்டு பொய் என்று இப்போது விஞ்ஞான ரீதியாக நிரூபணம் ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை என் கார் சர்வீஸில் இருந்ததால் வான்மதிதான் என்னை யார்டில் கொண்டுபோய் விட்டாள். வால்வைத் திறந்தேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, இணைப்பு இணைப்பாகத் தெளித்தேன். டேங்க்கிலிருந்து வருகிற ஹோஸ் ரெகுலேட்டரில் சேருகிற இடத்தில் நுரை கிளம்பியது. துடைத்தேன், மறுபடி கிளம்பியது. ஆகவே அங்கே கசிவு இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை, நேர்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் கேள். அந்த நுரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. துளி கூட இல்லை. ஏன் என்றால், ப்ரொபேனுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று ஒரு நாற்றத்தைக் கலந்து விற்கிறார்கள். பழைய டேங்கின் உள்பக்கத் துரு அந்த நாற்றத்தைத் தின்றுவிடும். இது தெரிந்த விஷயம், யாரை வேண்டுமானாலும் கேள். என் டேங்கில் நடந்திருப்பது அதுதான்.

ஆகவே, கசிவு இருந்தது உண்மை. அதில் நாற்றம் இல்லாததும் உண்மை. அப்படியென்றால் பாலோ டூரோவில் உன் மூக்குக்கு வந்தது எது? பெருங்காயம். நான் சொன்னது சரி. இனி ரெகுலேட்டரையும் ஹோஸையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஜூனுக்கு டிக்கெட் போடச் சொல்லி மீனாக்ஷியிடம் சொல்லிவிட்டேன்.

அச்சுதன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
13 ஏப்ரல்

என்னங்க,

உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். முதல் தடவை பேப்பரைக் கிழிச்சுப் போடலாம்னு இருந்துச்சு. நாலாவது தடவை "ஒரு வாசனையும் இல்லை"ங்கற வரியிலேயே நின்னுட்டேன்.

வான்மதிக்கு போன் பண்ணினேன். அன்னிக்கு உங்களை இறக்கி விட்டுட்டுத் தண்ணி பாட்டிலை மறந்துட்டீங்கன்னு திரும்பி வந்தாளாம். நீங்க சோப்புத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தீங்களாம். கார் கதவைத் திறந்ததும் கேஸ் நாத்தம் அவ மூக்குல ஏறிடுச்சாம். "அங்கிள், கேஸ் வருது, இந்தப் பக்கம் வாங்க"ன்னு கத்தியிருக்கா. நீங்க திரும்பிப் பார்த்து, அவ கிளம்பறான்னு நினைச்சு, கை ஆட்டி, டாட்டா காட்டினீங்களாம்.

அந்த டேங்க்ல நாத்தம் இருக்கு. துரு ஒண்ணையும் தின்னலை.

எத்தனை நாளா உங்களுக்கு மூக்கு வேலை செய்யலை?

இல்லைன்னு எழுதாதீங்க. நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா யோசிச்சுட்டேன். கராஜ்ல காரை நிறுத்தும்போதே "வத்தக்குழம்பா?"ன்னு கேட்டுக்கிட்டு உள்ள வர்ற ஆள் நீங்க. கொஞ்ச வருஷமா தட்டு முன்னாடி உட்கார்ந்தப்புறம், "இன்னிக்கு என்ன?"ன்னு கேக்கறீங்க. போன வருஷம் பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகி நான் மாடியிலேர்ந்து ஓடி வந்தேன், நீங்க அது பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. திரிஞ்ச பால்ல காபி போட்டுக் குடிச்சீங்க. என் சமையல்ல ருசி போயிடுச்சு, வயசாயிடுச்சுன்னு மீனாக்ஷிகிட்ட சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? நான் அழுதேன். உப்பைக் கூட்டினேன், புளியைக் கூட்டினேன், பெருங்காயத்தைக் கூட்டினேன். உங்களுக்காகக் கூட்டின பெருங்காயம்தான் அந்த டப்பா.

கோவிட் வந்து எழுந்தீங்களே, அப்போலேர்ந்துதானே? எல்லாருக்கும் போச்சு, திரும்பி வந்துச்சு. உங்களுக்கு வரலை. வரலைன்னு சொன்னா என்ன ஆகியிருக்கும், உங்க தலையையா வாங்கியிருப்பேன்?

மூக்கு போனதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா இல்லாத மூக்கை வெச்சுக்கிட்டு இருக்கற மூக்கைப் பொய்னு சொன்னீங்க. பெருங்காயமா, கேஸான்னு உங்களுக்குத் தெரியாது. ரெண்டுல எதுவும் தெரியாது. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாம, என்னை ஊர் முன்னாடி கோமாளி ஆக்கினீங்க. அந்த ராத்திரியில நாம ரெண்டு பேரும் செத்திருப்போம். செத்திருந்தாக்கூட பெருங்காயம்னுதான் சொல்லியிருப்பீங்க.

இப்போ அதே ஆள், அதே மூக்கோட, என் பேத்தியைப் பக்கத்துல படுக்க வெச்சுக்கப் போறாராம்.

ஜலஜா


ஃபிரிஸ்கோ
22 ஏப்ரல் 2025

ஜலஜா,

துப்பறியும் வேலையை எப்போது ஆரம்பித்தாய்? வான்மதியை உளவு வைத்திருக்கிறாயா?

என் உடம்பு, என் மூக்கு. யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கொலராடோ இல்லை என்று மீனாக்ஷியிடம் சொல்லிவிட்டேன். எனக்கு முதுகு வலி என்று சொன்னேன். வண்டியை விற்கப் போகிறேன். உனக்குத் திருப்திதானே?

அச்சுதன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
30 ஏப்ரல்

என்னங்க,

திருப்தி இல்லை.

ஸ்ம்ருதி ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. சின்ன சூட்கேஸ்ல டார்ச்சும் பைனாகுலரும் எடுத்து வெச்சிருந்தா, அதை இன்னும் பிரிக்க விடமாட்டேங்கறா. "டஸ் தாத்தா நாட் வான்ட் மி?"ன்னு என்கிட்ட வந்து கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல? தாத்தாவுக்கு முதுகு வலின்னு நானும் உங்க பொய்யைச் சொல்லணுமா? சொல்லிட்டேன். சொல்லிட்டு பாத்ரூம்ல போய் கதவைச் சாத்திக்கிட்டேன். அதுக்கும் உங்க மேலதான் கோபம்.

போகக் கூடாதுன்னு நான் எங்கயாவது எழுதினேனா? என் முதல் லெட்டரை எடுத்துப் படிங்க. டேங்க்கைச் சரி பண்ணுங்க, அலாரத்தை மாட்டுங்க, அவ்வளவுதான் கேட்டேன். ரெண்டு வேலை சொன்னா, அதைச் செய்யறதைவிட வண்டியையே வித்துட்டுப் போறேன்னு சொல்றது உங்களுக்குச் சுலபமா இருக்கு. யாராவது ஒருத்தர்கிட்ட "எனக்குத் தெரியலை, பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேக்கறது அவ்வளவு கேவலமா உங்களுக்கு?

அந்த வண்டியை வாங்கறவன் வீட்டுல குழந்தை இருக்காதா? அதையும் யோசிங்க.

மீனாக்ஷிகிட்ட உங்க மூக்கைப் பத்தி நான் சொல்லலை. நீங்க சொல்லணும். உங்க வாயால.

ஜலஜா


ஃபிரிஸ்கோ
25 மே 2025

ஜலஜாவுக்கு,

நிதானமா எழுதறேன். இந்தத் தடவை எஞ்சினியர் தமிழ் வேண்டாம்.

வண்டியை விக்கலை. ப்ரொபேன் வேலை பார்க்கற லைசென்ஸ் கடை ஒண்ணு மெக்கின்னியில இருக்கு, அங்க கொண்டு போனேன். போகும்போதே சொல்லிட்டேன், எனக்கு வாசனை தெரியாது, நான் சொல்றதை நம்பாதீங்கன்னு. வெளியாள்கிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு. உன்கிட்ட சொல்ல ஏன் முடியலைன்னு எனக்கே புரியலை. உன் சாம்பார்ல எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் சொல்றதுக்கான நாள் தாண்டிப் போச்சு. அப்புறம் சொன்னா அசிங்கம்னு ஆயிடுச்சு.

டேங்க்கை இறக்கிப் பார்த்தாங்க. தாங்கற பட்டைக்கு அடியில துரு ஆழமா குழி விழுந்திருக்கு. என் கம்பி பிரஷ் அங்க போகவே இல்லை. அந்தக் குழி மேல நான் ரெண்டு கோட் கறுப்பு அடிச்சு அழகு பார்த்திருக்கேன். இதைச் சரி பண்ண முடியாது, மாத்தணும்னாங்க. அதே அளவுல புது டேங்க் வெளிர் சாம்பல் கலர்ல வந்துச்சு, மாட்டிட்டாங்க. புது ரெகுலேட்டர், புது ஹோஸ். காத்தழுத்தம் வெச்சு டெஸ்ட் பண்ணி எழுதிக் கொடுத்துட்டாங்க. நான் எதுலயும் கை வைக்கலை.

அலாரத்தையும் மாத்தினேன். பழசுக்கு ஆயுசு எப்பவோ முடிஞ்சிருந்துச்சாம். புது ஃபியூஸ் போட்டிருக்கு.

நேத்து மதியம் வண்டியில தனியா உட்கார்ந்து அதை டெஸ்ட் பண்ணினேன். கடையிலேர்ந்து பெருங்காயம் வாங்கிட்டு வந்திருந்தேன். அடுப்பைப் பத்த வெச்சு, எண்ணெய் ஊத்தி, நல்லா காய்ஞ்சதும் பெருங்காயத்தைப் போட்டேன். புகை வந்துச்சு. குனிஞ்சு மூஞ்சியைக் காட்டினேன். ஒண்ணும் இல்லை. வெந்நீர் ஆவி மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்பவும் ஒண்ணும் இல்லை. அந்த நேரத்துல கீழே அலாரம் அலறிச்சு, காது கிழியற மாதிரி. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி, அதுக்குத் தெரியுது. அது உன் பெருங்காயத்துக்குக் கத்துது. அதை நிறுத்தணும்னு எனக்குத் தோணலை. கரண்டியோட நின்னு அழுதேன்.

அடுப்பை அணைச்சுட்டு மீனாக்ஷிக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். பாலோ டூரோ, ஃபியூஸ், மூக்கு, டப்பாவைத் தூக்கிப் போட்டது, எல்லாம். கேட்டுட்டு, "அப்பா, நீங்க அம்மாவைக் கொன்னிருப்பீங்க"ன்னா. ஆமான்னு சொன்னேன்.

இன்னிக்குக் காலையில கோவில் பாட்லக். அதே கூட்டம், அதே ஹால். தட்டை வெச்சுட்டு எழுந்து நின்னு, போன தடவை நான் சொன்ன கதை பொய், ஜலஜா சொன்னது நிஜம், எனக்குத்தான் மூக்கு கிடையாதுன்னு சொன்னேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். ஒருத்தரும் சிரிக்கலை. வான்மதி மட்டும் எழுந்து வந்து என் தட்டுல இன்னொரு கரண்டி புளியோதரை போட்டுட்டுப் போனா.

ஸ்ம்ருதியை அனுப்புன்னு நான் கேக்கலை. கேக்கற யோக்கியதை எனக்கு இல்லை.

அச்சுதன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
2 ஜூன்

என்னங்க,

உங்க மேல கோபம் போகலை. போகும்னு காத்திருக்காதீங்க, இது கொஞ்ச நாள் இருக்கும்.

பெருங்காயத்தை அப்படி அள்ளிப் போட்டா பூனையே கத்தும், அலாரம் கத்தாதா. ஒரு சிட்டிகை போதும்.

ஸ்ம்ருதி இப்போ வரமாட்டா. நான் வர்றேன். பதிமூணாம் தேதி சாயங்காலம் டல்லாஸ்ல இறங்கறேன். வீட்டுக்குப் போக வேண்டாம், நேரா யார்டுக்கு விடுங்க. அந்த வண்டியில நான் படுத்து, எழுந்து, சமைச்சு, அடுப்பு கிட்டயும் டேங்க் கிட்டயும் நானே நின்னு மோந்து பார்க்கணும். எனக்குச் சரின்னு பட்டா மீனாக்ஷி ஜூலையில குழந்தையைக் கொண்டு வந்து விடறேன்னு சொல்லியிருக்கா. கொலராடோவுக்கு நானும் வருவேன். தாத்தாவும் பேத்தியும் மட்டும்கற பேச்சு இனிமே கிடையாது.

அலாரம் கத்தினா நான் ஜன்னலைத் திறந்து துண்டை வீசிக்கறேன். நீங்க ஃபியூஸ் பக்கம் போகக் கூடாது.

பழைய ஃபியூஸ் இன்னும் உங்க பேன்ட் பாக்கெட்லதான் இருக்கும். ஏர்போர்ட்டுக்கு வரும்போது எடுத்துட்டு வந்து என் கையில கொடுங்க.

ஜலஜா